கதவு வளையத்தின் ஆயுள்

பட்டறைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். கூப்பிடக் கொஞ்சம் நீளம் என்பதால் நாளடைவில் அது மில்லி என்று குறுகிவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். ஒருமுறை வெல்டிங் மேற்பார்வையாளர் போனில் யாரிடமோ, "மில்லி இன்னும் கையெழுத்துப் போடலை, போட்டாத்தான் தகட்டுல கை வைக்க முடியும்" என்று சொல்லியபடியே திரும்ப, வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "மூணாம் பக்கத்துல ஒரு எண் தப்பு. திருத்திக் குடுத்தா மில்லி போட்டுடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வேலை பார்த்தது அழுத்தக் கலன்களை வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில். நீராவியோ வாயுவோ, அடைத்து வைத்தால் வெளியே வரத் துடிக்கிற எதையும் சாதுவாக உள்ளே உட்கார வைக்கும் இரும்புக் கலன் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே கணக்குப் போடுவார்கள். ஓட்டின் தடிமன் எவ்வளவு, குழாய் நுழைய ஓட்டை போட்ட இடத்தில் போன பலத்தை எப்படி ஈடுகட்டுவது, எந்த மூலையில் இரும்பு அதிகம் இழுபடும், இதெல்லாம்தான் பேச்சு. மற்றவர்கள் கணினியில் கலனை வரைந்து, இழுவிசை குறைந்த இடம் நீலமாகவும் மிகுந்த இடம் சிவப்பாகவும் தெரியும் படங்களை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். கடைசியாகச் சரிபார்ப்பவள் அவள். படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பென்சிலால் ஒரு தாளில் தன் கணக்கைப் போட்டுப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. "படம் அழகா இருக்கு, வீட்டுல மாட்டி வைங்க. இந்தச் சிவப்பு ஏன் சிவப்புன்னு சொல்லுங்க" என்பாள். பலருக்குச் சொல்லத் தெரியாது.

முப்பது வருடத்தில் அறுநூறு சொச்சம் கலன்கள் அவள் கையெழுத்தோடு போயிருந்தன. அவற்றில் ஒன்றும் வெடிக்கவில்லை. வீடு கட்டுபவர் கட்டின வீட்டைக் காட்டலாம், தையல்காரர் தைத்த சட்டையைக் காட்டலாம். அவள் வேலையில் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. எங்கேயும் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் வேலை.

மணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சன்னலைத் திறந்தால் பஸ் கழுவும் இடம் தெரியும். அம்மா போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. அப்பா பேச்சுக் குறைந்த மனிதர். ஆகவே தம்பியின் வீட்டுப்பாடம், காய்ச்சல், கிழிந்த சட்டை எல்லாம் அவள் பொறுப்பாயின. அப்பாவும் போன பிறகு உறவு என்று இருந்தது அவன் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு தம்பி வீட்டில். பதினேழு வருடமாக அதில் மாற்றமில்லை. தம்பி மனைவி அவளை "அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். தம்பி மகள் "அத்தை, அத்தை" என்று கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து மடியில் போடுவாள். மற்ற ஆறு நாளும் தன் வீட்டில் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தம்பிக்கு ஒரு பட்டறை இருந்தது. அச்சு இயந்திரங்களில் காகிதத்தை உருட்டித் தள்ளும் உருளைகளுக்கு ரப்பர் உறை போடும் வேலை. உருளையின் மேல் ரப்பரைச் சுற்றி, பெரிய கலனுக்குள் தள்ளி, கதவை மூடி, நீராவியை ஏற்றினால் ரப்பர் வெந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே ஒருவரிடம் கொடுத்து வேக வைத்துக்கொண்டிருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்தபடி சொன்னான்: "அக்கா, சொந்தமா ஒரு கலன் வாங்கிட்டேன். பழசுதான். ஆனா கல்லு மாதிரி இருக்கு. நீ ஒரு தடவை வந்து பார்த்துட்டு, ஓட்டலாம்னு ஒரு கடிதம் குடுத்துடேன். இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும்."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

"பார்த்துட்டுச் சொல்றேனாம்! கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "சொந்தத் தம்பி வாங்கினதுக்கே இவ்வளவுதான் உற்சாகம்."

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். படுக்க வைத்த உருளை மாதிரியான கலன். ஆள் கொஞ்சம் குனிந்தால் உள்ளே நடக்கலாம். ஒரு முனையில் நானூறு கிலோ எடையுள்ள வட்டக் கதவு. கதவு வந்து உட்காரும் இடத்தில் கனமான இரும்பு வளையம், ஓட்டோடு வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. தம்பி பெருமையோடு கதவைத் திறந்து மூடிக் காட்டினான். அவள் பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விளக்கோடு உள்ளே போய், தடிமன் அளக்கும் கருவியால் இரண்டு கை அகலத்துக்கு ஓர் இடமாகத் தொட்டுத் தொட்டு அளந்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒன்றேகால்தான் தேய்ந்திருந்தது.

"தடிமன் போதும்" என்றாள் வெளியே வந்து.

"நான்தான் சொன்னேனே!"

"பழைய முதலாளி எத்தனை வருஷம் ஓட்டினார்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை நீராவி ஏத்தி இறக்கினார்?"

"அது எதுக்குக்கா?"

அவளே போன் செய்து விசாரித்தாள். பதின்மூன்று வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள், நாளைக்கு நான்கு தடவை. பெருக்கினால் பதினைந்தாயிரத்து அறுநூறு. கலனின் பழைய வரைபடத்தையும் தேடிப் பிடித்தாள். வளையம் கனம், ஓடு மெலிசு. நீராவி ஏறும்போது ஓடு விரியப் பார்க்கும், வளையம் விடாது. இரண்டும் சேரும் வெல்டிங்கின் ஓரத்தில் இரும்பு வளைந்து நிமிர வேண்டியிருக்கும். அந்த ஓரத்தையும் உள்பக்கத்தில் ஒரு தகட்டை வைத்து மூடிப் பற்றவைத்திருந்தார்கள். வெட்டாமல் பார்க்க முடியாது, எந்தக் கருவியும் எட்டாது. இரண்டு வாரம் மாலை நேரங்களில் கணக்குப் போட்டாள். முதலில் கையால், பிறகு அலுவலகக் கணினியில், மறுபடி கையால். மூன்று முறையும் விடை பதினோராயிரத்தைச் சுற்றியே நின்றது. விதிப்படி அந்த வளையம் பதினோராயிரம் தடவைதான் உழைக்கலாம். அதைத் தாண்டி நான்காயிரத்து அறுநூறு தடவை ஏற்கெனவே உழைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க மனமில்லாமல் பட்டறைக்கே போய்ச் சொன்னாள். வளையத்தை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

"தடிமன் போதும்னு நீதானே சொன்னே?"

"தடிமன் போதும். ஆயுள் போதாது."

"இரும்புக்கு என்னக்கா ஆயுள்? அது என்ன பால் பாக்கெட்டா, தேதி போட்டு விக்க?"

"ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சா முதல் தடவையே உடையாது. நாற்பதாவது தடவை உடையும். இந்த வளையமும் அப்படித்தான்."

"இதுவரைக்கும் உடையலையே."

"முப்பத்தொன்பதாவது தடவை வரைக்கும் எதுவும்தான் உடையாது."

புது வளையத்தைச் சொல்லிச் செய்து, கடைந்து, பொருத்தி முடிக்க நான்கு மாதம் ஆகும். தம்பிக்கு ஐந்து வாரத்தில் ஓர் அச்சகத்துக்கு வேலை தொடங்க வேண்டும். அவன் வாக்குக் கொடுத்திருந்தான். "எனக்காக ஒரே ஒரு கையெழுத்து, அக்கா."

"உனக்காகத்தான் போடலை."

அவள் திரும்பும்போது கதவுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, ஒரு சின்ன மேஜை போட்டிருந்ததைப் பார்த்தாள். அதன் மேல் தம்பி மகளின் பள்ளிப் பை கிடந்தது. பள்ளி விட்டதும் அவள் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பத்து நாள் கழித்துத் தம்பி மனைவி போனில் சந்தோஷமாகச் சொன்னாள்: "அண்ணி, கவலைப்படாதீங்க. வேற ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துட்டுக் கடிதம் குடுத்துட்டார். தடிமன் தாராளமா இருக்காம். புதன்கிழமை ஆரம்பிக்கிறாங்க." அண்ணியைச் சங்கடத்திலிருந்து விடுவித்துவிட்டதாகத் தம்பி மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. உடனே அவள் தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இரண்டு நாள் முயன்றாள். திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு பக்கக் கணக்கை ஓர் உறையில் போட்டுக்கொண்டு பாய்லர் இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டுக்கொள்ளும் நிதானமான மனிதர். தாள்களைப் புரட்டிவிட்டு, "புகார் குடுக்கிறது யாரும்மா?" என்றார்.

"முதலாளியோட அக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பேர் இல்லாமலும் குடுக்கலாம். நானே வழக்கமான சோதனைன்னு போய்ப் பார்த்துக்கறேன்."

"கணக்குக்குக் கீழே கையெழுத்து இருக்கு. அதைக் கிழிச்சுட்டா அது கணக்கு இல்லை சார், மொட்டைக் கடுதாசி."

மறுநாளே நீர்ச் சோதனை நடந்தது. கலன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அரை மணி நேரம் அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள் அசையவில்லை. ஒரு சொட்டு கசியவில்லை. பட்டறை ஆட்கள் ஆறு பேரும் கை தட்டினார்கள். தம்பி அப்போதுதான் முதல் முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு தடவை தாங்குவது வேறு, பல்லாயிரம் தடவை தாங்குவது வேறு என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அதை யாரிடம் சொல்வது?

இன்ஸ்பெக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தக் கணக்கு என் மேஜைக்கு வந்தப்புறம் வரலைன்னு நான் நடிக்க முடியாது. வளையத்தை மாத்துங்க, திறந்து விடறேன்." நீராவிக் குழாயின் வால்வில் கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்தார்.

அவர் ஜீப் ஏறிப் போனபின் தம்பி அவளிடம் வந்தான். ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடுவான் என்று நினைத்தாள். அவன் மெதுவாகத்தான் பேசினான். "வேற ஒருத்தர் பண்ணியிருந்தா வயித்தெரிச்சல்னு தள்ளிட்டுப் போயிருப்பேன். உன்னை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

அச்சகத்தின் வேலை கைநழுவிப் போயிற்று. அதை நம்பி மறுத்துவிட்ட வேறு வேலைகளும் திரும்பி வரவில்லை. ஆறு ஆட்கள் இரண்டானார்கள். வளையத்தை மாற்றும் தெம்பு அவனுக்கு இல்லை. கலன் தார்ப்பாய் போர்த்திப் பின்புறம் கிடந்தது.

தம்பி மனைவி ஒருமுறை போன் செய்தாள். "அண்ணி, கொஞ்ச நாள் வராம இருங்க. அவர் கோபம் ஆறட்டும்." கொஞ்ச நாள் என்பதற்கு அளவு கிடையாது. அளவில்லாத எதையும் அவள் நம்பியதில்லை. ஆனாலும் இதை நம்பினாள்.

மூன்று வருடம் ஆயிற்று.

முதல் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்கென்று சமைத்துப் பார்த்தாள். அளவு தெரியவில்லை. எவ்வளவு குறைத்தாலும் மிஞ்சியது, அதையே செவ்வாய் வரை சாப்பிட வேண்டியிருந்தது. பிறகு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே இறங்காமலே திரும்பி வரத் தொடங்கினாள். ஒரு கண்டக்டருக்கு அடையாளம் தெரிந்துபோய், "இன்னிக்கும் கடைசி வரைக்குமா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த வழித்தடத்தில் அவள் பிறகு ஏறவில்லை.

ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாள் படுத்திருந்தாள். போன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று தவறான எண். இன்னொன்று அலுவலகம்: அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டார்கள். சொன்னாள். அங்கே அவளைப் பற்றிய செய்தி எப்படியோ பரவியிருந்தது. "கூடப் பிறந்தவனையே காட்டிக் குடுத்தவங்க" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "அப்போ நம்மளை எல்லாம் விடுவாங்களா?" என்றார் மற்றவர். இருவரும் சிரித்தார்கள். அதன்பிறகு அவளிடம் வரும் தாள்களில் தப்புகள் குறைந்தன. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுகிறவர்களும் குறைந்தார்கள்.

தம்பி மகளின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் தபாலில் ஒரு பேனா அனுப்பினாள். பதில் வந்ததில்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைத் தோழிகளோடு பார்த்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். அவளும் அத்தையைப் பார்த்தாள். கை பாதி உயர்ந்தது. நடுவில் பஸ் வந்து நின்றது. அது நகர்ந்தபோது எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் பாய்லர் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். "உங்க தம்பி அந்தக் கலனைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டார்மா. கோப்பை மூடறேன். உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சு." அவள் கிடங்கின் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை விடுப்பு எடுத்தாள்.

கிடங்கில் கலனை வெட்ட வந்திருந்த கேஸ் கட்டர்காரர் வாய் ஓயாத மனிதர். அவள் கேட்டுக்கொண்டபடி வளையத்துக்கு ஒரு முழம் தள்ளியே தீயை வைத்தார். சூடு வளையத்தைத் தொடக் கூடாது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். "சரிம்மா, சரி. இரும்புக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை. என் பொண்டாட்டி எனக்குக் குடுத்ததில்லை." பிறகு வளையத்தைத் தீயில்லாமல் ரம்பத்தால் ஆறு துண்டுகளாக அறுத்தார். உள்பக்கத்து மூடுதகட்டை அவரே கிரைண்டரால் பக்குவமாக எடுத்துக் கொடுத்தார். பதினாறு வருடமாக யாரும் பார்க்காத வெல்டிங்கின் ஓரம் வெளியே வந்தது.

அவள் கம்பித் தூரிகையால் அதைத் தேய்த்துத் துடைத்தாள். சிவப்புச் சாயத்தைத் தெளித்து இருபது நிமிடம் ஊற விட்டாள். பிறகு துணியால் துடைத்து எடுத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தாள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும்.

முதல் துண்டு வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தபோது அவள் மார்பு அடித்துக்கொண்டது. குனிந்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். வெல்டிங் போட்ட அன்றே விழுந்த ஊசிமுனைத் துளை. அதிலிருந்து கோடு எதுவும் கிளம்பவில்லை. அடித்துக்கொண்ட மார்பு ஏமாற்றத்தில் அடங்கியதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. விரிசல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். மூன்று வருடமாக அதைத்தான் வேண்டியிருக்கிறாள்.

நான்கு, ஐந்து, ஆறு. மதிய வெயில் சாய்ந்து கிடங்கின் தகரக் கூரை நிழல் நீண்டது. ஆறு துண்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை வெளேரென்று கிடந்தன. சந்தேகத்துக்கு மறுபடி எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து செய்தாள். அதே விடைதான்.

"என்னம்மா, தேடினது கிடைச்சுதா?" என்றார் கேஸ் கட்டர்காரர்.

"இல்லை."

"நல்லதா கெட்டதா?"

அவள் குழாயடிக்குப் போனாள். கைகளைக் கழுவினாள். விரல் இடுக்குகளில் சிவப்பு போகவில்லை.

மறுநாள் தம்பியின் பட்டறைக்குப் போனாள். ஒரு காலத்தில் உருளைகள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது தள்ளுவண்டிச் சக்கரங்கள் குவிந்திருந்தன. நீராவி வேண்டாத, பசையால் ஒட்டும் சின்ன வேலைகள். தம்பி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"என்ன?"

"நேத்து கிடங்குக்குப் போயிருந்தேன். கலனை வெட்டினாங்க. வளையத்தைச் சுத்திச் சுத்தி, முழுசாப் பார்த்தேன்." நிறுத்தினாள். "விரிசல் இல்லை."

அவன் சக்கரத்தைக் கீழே வைத்தான். "கொஞ்சம் கூடவா?"

"கொஞ்சம் கூட இல்லை."

"அப்போ ஓட்டியிருக்கலாம்."

"ஓட்டியிருக்கலாம். எத்தனை நாளைக்குன்னு தெரியாது. ஆனா அன்னிக்கு அது உடையற நிலைமையில இல்லை."

"உன் கணக்கு தப்பு."

"தப்பு இல்லை. இதே மாதிரி இரும்பைச் சோதனைக்கூடத்துல நூத்துக்கணக்கா உடைச்சுப் பார்த்திருக்காங்க. ஒண்ணு இருபதாயிரத்துல போகும், பக்கத்துல இருக்கிறது நாலு லட்சத்துல போகும். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அதனால சராசரியை இருபதால வகுத்து, அங்கே ஒரு கோடு போட்டிருக்காங்க. உன்னோடது நல்ல இரும்பு. அது எனக்குத் தெரியாது. வெட்டாம தெரிஞ்சுக்க வழியும் இல்லை."

"மறுபடியும் அதே நாள் வந்தா?"

"அதேதான் செய்வேன்."

பட்டறையின் மறுமுனையில் யாரோ சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்கள். தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"விரிசல் இருக்கணும்னு நான் வேண்டிக்கிட்டு இருந்தேன்" என்றான். "தெரியுமா? இரும்புக்குப் போடும்போது கூட, எவனாவது வெட்டிட்டு வந்து, ஐயா உள்ளே விரிசல் இருந்துதுன்னு சொல்ல மாட்டானான்னு இருந்தது. அப்படின்னா அக்கா சொன்னது சரி, நான் முட்டாள், தீர்ந்தது விஷயம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்திருப்பேன். இப்போ நான் என்ன பண்றது?"

அவள் விரல் இடுக்கில் மிஞ்சியிருந்த சிவப்பைத் தேய்த்தாள்.

"இருந்துதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது? துண்டெல்லாம் இந்நேரம் உருகிப் போயிருக்கும்."

"சொல்லியிருக்கலாம்."

"தோணவே இல்லையா உனக்கு?"

"பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் தோணிச்சு."

அவன் சிரிப்பது போல மூச்சு விட்டான். பிளாஸ்கைத் திறந்து, இருந்த ஒரே டம்ளரில் டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினான். தனக்கு மூடியில் ஊற்றிக்கொண்டான். குடித்து முடிக்கும் வரை இருவரும் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாள். "ம்" என்றான். வாசல் வரை கூட வந்தான். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு மாலை, அவள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி.

"அந்த இருபதுன்னு சொன்னியே, சராசரியை வகுக்கிறது. அது ஏன் இருபது? பத்தா இருந்தா என்ன, முப்பதா இருந்தா என்ன?"

நின்ற இடத்திலேயே பதில் சொல்ல ஆரம்பித்தாள். எல்லா இரும்பும் ஒரே குணமாக இருக்காது என்பதற்கு ஒரு பங்கு. சோதனைத் துண்டு விரல் தடிமன், கலன் ஆளை விடப் பெரிது என்பதற்கு ஒரு பங்கு. சோதனைக்கூடத்துக் காற்று சுத்தம், பட்டறையில் ஈரமும் துருவும் உண்டு என்பதற்கு ஒரு பங்கு. இவற்றைப் பெருக்கித்தான் இருபது. அவன் குறுக்கே குறுக்கே கேட்டான். நல்ல கேள்விகள். சின்ன வயதில் அவளிடம் பாடம் கேட்டபோது கூட இப்படிக் கேட்டவனில்லை. தன் வேலையைப் பற்றி இத்தனை வருடத்தில் அவன் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நடுவில் அவளுக்கு உறைத்தது. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டாள்.

பேச்சு தீர்ந்தது. கீழே பஸ்ஸைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போ ரிட்டயர்மென்ட்?" என்றான்.

"அடுத்த வருஷம்."

"அப்புறம் என்ன பண்ணப் போறே?"

"தெரியலை."

"ம்." எதையோ சொல்ல வந்து மாற்றிக்கொண்டவன் போலிருந்தது. "சரி, வைக்கறேன். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள்.

வைத்தபின் விளக்கைப் போட்டாள். அடுப்பில் காலையில் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் அப்படியே இருந்தது. அதை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள்.